சனிக்கிழமை வகுப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். ஜனவரியில் தொண்டூழியர்கள் 14 பேர், பெரும்பாலும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். இந்த ஆகஸ்டில் நால்வர்தான். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வருகைப் பதிவு, புத்தகப் பெட்டி, பெற்றோருக்குத் தகவல் எல்லாம் என் தலையில். வெள்ளி இரவானால் மனம் கனக்கிறது. தமிழ்ப் பற்றே போய்விட்டதோ? நிறுத்திவிடலாமா?

க.

அன்புள்ள க.,

பற்று போயிருந்தால் வெள்ளி இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். 14 பேரின் வேலையை நான்கு பேர் இழுக்கிறீர்கள். களைப்புதான் இது. ஆகஸ்டில் அந்த மாணவர்களுக்குத் தேர்வு வேறு. அவர்கள்மேல் வருத்தம் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓரறை வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாதந்தோறும் அரிசியும் பால்மாவும் கொடுத்துவந்தோம். ஏழாம் மாதம் மூன்று பேராகிவிட்டோம். கதவுக் கம்பியில் பையை மாட்டிவிட்டு அடுத்த மாடிக்கு ஓடுவேன். வேலை முடிந்தது, மனம் வறண்டது. ஒருநாள் ஒரு பாட்டி விடாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மேசையில் நாங்கள் கொடுத்த பால்மாவு டின்கள் மூன்று, மூடி திறக்காமல். விரல்கள் வீங்கி, அவரால் நெம்ப முடியவில்லை. கரண்டிக் காம்பால் ஒன்றைத் திறந்து, கலக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போக என்னை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் கடைசியாக ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கதை வாசித்தது எப்போது? கடிதத்தில் பெட்டி வருகிறது, பதிவு வருகிறது, ஒரு பிள்ளைகூட வரவில்லை. பதிவேட்டை ஒரு பெற்றோரிடம் கொடுங்கள். வகுப்பை இரு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். குறைப்பதில் அவமானம் இல்லை.

இன்னொன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டிய ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ஆளுக்கு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு டாலர்தான், கேட்டார். கூலித் தொழிலாளியாலும் தர முடிந்த தொகை. நீங்களோ ஆளுக்கு எல்லாச் சனிக்கிழமைகளையும் கேட்கிறீர்கள். தேர்வு முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்து, மாதம் ஒரே ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் என்று கேளுங்கள். குழுவில் போட்டால் அது எல்லாருக்கும், அதனால் யாருக்கும் இல்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை எனக்கு ஒதுக்குங்கள். எந்தத் தேதி, எந்தப் புத்தகம் என்று எழுதுங்கள்.