பீட்டில் அடித்தள பக்கிக்குப் பின்பக்க டிஸ்க் பிரேக்: டிரைவ் ஷாஃப்டை மாற்ற வேண்டுமா?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் ஃபைபர் பாடி ஏற்றி பக்கி (கூரையில்லா லேசான வண்டி) கட்டுகிறீர்கள்; பின்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட ஷாஃப்டை லேத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஷாஃப்டில் கையே வைக்காதீர்கள். அது சூடேற்றிக் கடினமாக்கிய எஃகு. கடைந்தாலும் வெல்டு வைத்தாலும் அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும். மாற்ற அவசியமும் இல்லை. 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் தொடங்கிவைத்த மேங்ஸ் பாணி பக்கிகளுக்கு பீட்டில் தளத்தை ஓர் அடிக்கு மேல் வெட்டிச் சுருக்குவார்கள். அதில் குறைவது நீளம்தான், பின் அச்சின் அகலம் அப்படியே இருக்கும். கம்பெனி ஷாஃப்டே போதும்.

டிரம் ஏறியிருக்கும் அதே ஸ்ப்லைனில்தான் (ஷாஃப்ட் முனையில் வெட்டியிருக்கும் பல் வரிசை) டிஸ்க்கின் ஹப்பும் ஏறும், அதே 36 மி.மீ. நட்டுதான் பிடிக்கும். ஆனால் எல்லா பீட்டிலுக்கும் ஸ்ப்லைன் நீளம் ஒன்றல்ல. கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு உள்ள ஸ்விங் ஆக்ஸிலில் பழையது குட்டை, அதற்குப் பின் வந்தது நீளம்; ஷாஃப்டின் இரு முனையிலும் மூட்டு வைத்த ஐ.ஆர்.எஸ். (தனித்தனிப் பின் சஸ்பென்ஷன்) தனி ரகம். உங்களுடையது எது என்று தெரியாமல் கிட் வாங்காதீர்கள். சக்கர போல்ட் எண்ணிக்கையையும் பாருங்கள், பழையதில் ஐந்து, பிறகு நான்கு.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம். டிரம்மின் பின் தகடு, பேரிங் மூடிக்கும் அச்சுக் குழாயின் முனைக்கும் நடுவில் நான்கு போல்ட்டில் நெருக்கப்பட்டிருக்கும். டிஸ்க் போடும்போது அந்த இடத்துக்குக் காலிபரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) தாங்கும் பிராக்கெட் வருகிறது. அதன் தடிமன் பழைய தகட்டோடு ஒத்துப்போகாவிட்டால் மூடி பேரிங்கைச் சரியாக அழுத்தாது. பேரிங் ஆடும், சீல் கசியும், எண்ணெய் நேரே டிஸ்க்கில் தெறிக்கும். வெர்னியரை எடுத்து இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு அப்புறம் போல்ட்டைப் பூட்டுங்கள். ஓ-ரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகவே போடுங்கள். ஹப்பின் முகம் உள்ளே இருக்கும் ஸ்பேசரில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் நட்டின் இறுக்கம் பேரிங்குக்குப் போய்ச் சேராது, ஹப் அசைந்து அசைந்து ஸ்ப்லைனைத் தின்றுவிடும்.

நட்டுக்கு 217 அடி-பவுண்ட், அதாவது ஏறக்குறைய 294 நியூட்டன் மீட்டர். நீளமான பைப் போட்ட ரெஞ்சும் பெரிய டார்க் ரெஞ்சும் வேண்டும். நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிலிட் பின்னின் துளை நேராக வரவில்லையா, இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பின்னுக்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

முன்பக்கம் இன்னும் டிரம் என்றால், முதலில் அதை டிஸ்க்காக்குங்கள். பக்கியின் மூக்கு லேசானது, வீல்பேஸும் குட்டை. ஈர ரோட்டில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பின்பக்க பிரேக் லைனில் சரிசெய்யக்கூடிய அழுத்த வால்வு ஒன்று போடுவது நல்லது. டிரம்முக்கென்று லைனில் அழுத்தம் பிடித்து வைக்கும் வால்வு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேறும். காலிபர் அதிக பிரேக் எண்ணெய் கேட்பதால் பெடல் ஆழமாகப் போகும். சற்றுப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் அதைச் சரிசெய்யும், ஆனால் கொஞ்சம் பலமாக மிதிக்க வேண்டிவரும்.

ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். மலிவான கிட்டுகள் பலவற்றில் காலிபருக்கு அந்த லீவரே இருக்காது. சாலையில் ஓட்டும் வண்டிக்கு லீவர் உள்ள காலிபரைத்தான் வாங்குங்கள். தளத்தைச் சுருக்கியிருப்பதால் கேபிளையும் அதற்கேற்றபடி குறைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்து எல்லாம் ஆறியபின், ஸ்பிலிட் பின்னை உருவி நட்டின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். டிஸ்க்கின் உட்பக்கத்தை விரலால் தடவும்போது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சீலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் கழுவிப் பயனில்லை, புதுசுதான் போட வேண்டும்.