தனியாக விட்டால் கதவைப் பிறாண்டும் நாய்

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. செவலை என்று நாலு வயது நாட்டு நாய் வளர்க்கிறோம். ஆச்சி சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனதிலிருந்து பகலில் வீட்டில் ஆள் இல்லை. நாங்கள் இருவரும் காரைக்குடிக்கு வேலைக்குக் கிளம்பியதும் ஊளையிட ஆரம்பித்துவிடுகிறது. தேக்குக் கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம். முகப்பிலேயே சிறுநீர் கழித்தும் வைக்கிறது. திட்டியும் கேட்கவில்லை. துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா?

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். காலையில் செய்ததற்குச் சாயங்காலம் திட்டு விழுகிறது என்று செவலைக்குப் புரியாது. காதை மடக்கி, வாலை ஒடுக்கி நிற்பது உங்கள் முகத்தைப் பார்த்து வரும் பயம். அதைத் தப்பை உணர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம். இப்படியே போனால் நீங்கள் கிளம்பினாலும் பயம், திரும்பி வந்தாலும் பயம் என்றாகிவிடும்.

செவலை வீம்புக்குச் செய்யவில்லை. பகல் முழுக்க ஆச்சியின் காலடியில் கிடந்த நாய்க்குத் திடீரென்று அத்தனை பெரிய வீடும் வெறிச்சோடிப் போயிருக்கிறது. அது பதறிப்போயிருக்கிறது, பாவம்.

இருந்தாலும் ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய போனை நடு முற்றமான வளவின் தூணோரம் வைத்து வீடியோ எடுங்கள். ஆள் பிரிந்து போவதால் வரும் ‘பிரிவுப் பதற்றம்’ என்றால் பெரும்பாலும் நீங்கள் கிளம்பிய அரை மணிக்குள் தொடங்கிவிடும். பிடித்த தீனியை வைத்தாலும் தொடாது. குரங்கு வளவில் இறங்கும்போதோ வெடிச் சத்தம் கேட்கும்போதோ மட்டும் கத்தினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இனி பயிற்சி. சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது, தாழ்ப்பாள் சத்தம், இவை எல்லாமே அதற்கு அபாய அறிவிப்பு. ஆகவே சாவியை எடுத்துவிட்டுப் பேசாமல் பட்டாலையில் உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். அதை அது கண்டுகொள்ளாத அளவுக்கு வந்த பிறகு, இரண்டாங்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஐந்து விநாடி நின்று திரும்புங்கள். அப்புறம் பத்து, முப்பது, ஒரு நிமிடம். வாசல் கதவுக்கும் இதே கணக்குதான். அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் நீங்கள் உள்ளே வந்துவிட வேண்டும், இதுதான் முழுப் பயிற்சியும். அழுதால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம், மறுமுறை குறைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை ஏற்றிக்கொண்டே போகாமல் நடுவில் சின்னச் சின்னப் பிரிவுகளும் வரட்டும். முதல் அரை மணியைத் தாண்டுவதுதான் பெரும்பாடு, அதற்கு மேல் கொஞ்சம் வேகமாக நகரும்.

இதற்கு வாரக்கணக்கில் ஆகும், சில நாய்களுக்கு மாதக்கணக்கிலும். அதுவரை அதைப் பகல் முழுக்கத் தனியே விடக் கூடாது. எல்லோரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். காலையில் பத்து நிமிடம் பழக்கிவிட்டு எட்டு மணி நேரம் பதற விட்டால் பழக்கியது அத்தனையும் வீண். பங்காளி வீட்டில் விடலாம், அல்லது தெரிந்த அக்கா யாரையாவது வந்து இருக்கச் சொல்லலாம். அறையில் பூட்டுவதும் சங்கிலியில் கட்டுவதும் பதற்றத்தைக் கூட்டும். பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும்.

தீனியாக வெந்த கோழியும் சோறும் போதும். நம் பக்கத்துக் குழம்பில் சின்ன வெங்காயம் அள்ளிப் போடுவோம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்புச் சோறு வேண்டாம்.

நகத்தில் ரத்தம் வருகிறது என்பதால் கால்நடை மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். புளுவாக்ஸெட்டின், குளோமிப்ரமின் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளை நாய்களுக்கும் தருகிறோம். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். மெடிக்கலில் மனிதர்களுக்கான தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு நாய்? செவலை ஏங்குவது மனிதர்களுக்காக. பெரும்பாலும் துணை நாயால் இது தீராது. ஆசையாக இருந்தால் அதற்குப் பழக்கமான பக்கத்து வீட்டு நாயோடு சில நிமிடம் விட்டு வீடியோவில் பாருங்கள். அப்போதும் கதவையே பார்த்துக்கொண்டு அழுதால் வாங்க வேண்டாம்.