‘உங்கள் பலம் என்ன?’: நர்ஸ்களின் கேள்விகளுக்கு மூத்த செவிலியர் ஒருவரின் பதில்கள்

(பதில் சொல்பவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி தருபவர். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: அக்கா, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 5 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வேறு இடத்துக்கு இன்டர்வியூ போனபோது ‘உங்கள் ஸ்ட்ரென்த் என்ன?’ என்று கேட்டார்கள். கடின உழைப்பு, பொறுமை என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எனக்கு என்ன பலம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

பொறுமை, உழைப்பு, அன்பு என்று குணங்களின் பெயரில் தேடினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது தங்கச்சி. நீங்கள் பார்த்த ஒரு கேஸில் தேடுங்கள். அமெரிக்காவில் பாட்ரிசியா பென்னர் என்ற நர்ஸ், அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு என்னதான் தெரியும் என்று அறிய விரும்பினார். அதற்கு அவர் பிடித்த வழி, அவர்கள் நேரில் கண்ட நிகழ்ச்சிகளை விவரமாகச் சொல்லவைத்துக் கேட்டது. அந்த விவரிப்புகளைக் கொண்டு, ஒரு நர்ஸ் புதியவர் நிலையில் தொடங்கி ஐந்து படிகளில் நிபுணர் ஆகிறார் என்ற கருத்தை 1984-இல் விரிவாக முன்வைத்தார். பேச்சில் நாம் ‘அது சும்மா தோணுச்சு’ என்று தள்ளிவிடும் இடங்களில்தான் திறமை உட்கார்ந்திருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள். மானிட்டரில் எல்லா எண்ணும் சரி. ஆனால் காலையில் நன்றாகப் பேசிய அம்மா, இப்போது கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொல்கிறார். கை சில்லென்று இருக்கிறது. யூரின் பேக் ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்த அளவிலேயே நிற்கிறது. நீங்கள் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள். உள்ளே ரத்தக்கசிவு இருப்பது பிறகு தெரிகிறது. இதை ‘நல்லபடியா பார்த்துக்கிட்டேன்’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். நோயாளியின் பழைய நிலையை நினைவில் வைத்திருந்தது ஒரு திறமை. தொட்டுப் பார்த்தது இன்னொன்று. மூன்று சின்ன மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததும், எண்கள் சரியாக இருந்தும் தயங்காமல் கூப்பிட்டதும் அவற்றைவிடப் பெரியவை.

உங்கள் 5 வருடத்தில் இப்படி நான்கைந்து கேஸ்களை எழுதிப் பாருங்கள். ஒரே மாதிரியான விஷயம் இரண்டு மூன்றில் திரும்ப வந்தால், இன்டர்வியூவில் அதைச் சொல்லுங்கள், அந்த கேஸோடு சேர்த்தே.

இன்னொரு வழியும் உண்டு. வார்டில் ஊசி போட வெயின் (ரத்தக்குழாய்) கிடைக்காவிட்டால் யாரைத் தேடி வருகிறார்கள்? சொந்தக்காரர்கள் சத்தம் போட்டால் யாரை முன்னால் அனுப்புகிறார்கள்? சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தாத்தாவிடம் யார் போகிறார்கள்? ஜோசப் லஃப்ட், ஹாரி இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955-இல் வகுத்த ‘ஜோஹாரி ஜன்னல்’ என்ற கட்டத்தில், மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாத பகுதி என்று ஒரு தனி மூலையே இருக்கிறது. குறைகளைப் போலவே பலங்களும் அங்கே ஒளிந்திருக்கும். சக நர்ஸ்கள் எதற்காக உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

கேள்வி: எழுதுங்க எழுதுங்கன்னு சொல்றீங்க. 12 மணி நேர டியூட்டி, அதுக்கப்புறம் வீட்டு வேலை. எப்ப எழுதறது சிஸ்டர்?

பக்கம் பக்கமாக வேண்டாம்மா. என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. இந்த மூன்று கேள்விக்கு மூன்று வரி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். தினமும் தேவையில்லை, மனதில் தங்கிய நாளில் மட்டும் போதும். நோயாளியின் பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), படுக்கை எண் எதையும் எழுதாதீர்கள். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வைப்பது கூடவே கூடாது.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் எதை விட்டேன், யார் திட்டினார்கள் என்றே மனம் ஓடுகிறது. இரவு தூக்கம் வருவதில்லை. இதுதான் நீங்கள் சொல்லும் சுயபரிசீலனையா?

இல்லைம்மா. இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு முடிவு உண்டு. அது ஒரு செயலில் போய் நிற்கும். நீங்கள் சொல்வது செக்கு மாடு போலச் சுற்றுவது. எவ்வளவு நேரம் சுற்றினாலும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள், களைப்புதான் மிஞ்சும். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ‘ஆறு மணி சுகர் செக் பண்ண ஏன் மறந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் உண்டு. அந்த நேரத்தில் இரண்டு அட்மிஷன் சேர்ந்து வந்தன, நேரம் குறித்த சீட்டு கையில் இல்லை. அப்படியானால் நாளைக்குச் செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது: முந்தைய டியூட்டி நர்ஸிடம் ஹேண்ட் ஓவர் (பொறுப்பு) வாங்கும்போதே நேரவாரியாக ஒரு சீட்டில் குறித்து, பாக்கெட்டில் வைத்துக்கொள்வது.

எழுதும்போது ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பது ஒரு பக்கம். பிறகு தெரிய வந்தது மறு பக்கம். 8 மாத நர்ஸ்கள் தங்களைத் தண்டித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் இருப்பதற்காகத்தான். முடிவு தெரிந்த பிறகு எல்லா அறிகுறியும் பளிச்சென்று தெரியும். வார்டில் நிற்கும்போது அப்படித் தெரியாது.

விட்டுப்போன விஷயம் நோயாளியைப் பாதிக்கக்கூடியது என்றால் விடியும் வரை யோசித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உடனே வார்டுக்கு போன் செய்து, டியூட்டியில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அது நோயாளிக்கும் நல்லது, உங்கள் தூக்கத்துக்கும் நல்லது. இத்தனைக்கும் பிறகு வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, டியூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால், தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. நோயாளிகளுக்கு நாம் சொல்லும் ஆலோசனை நமக்கும் பொருந்தும்.

கேள்வி: நைட் டியூட்டியில் டாக்டரைக் கூப்பிட்டால் ‘இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?’ என்கிறார். எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், ஆனால் சொல்லத் தெரியவில்லை. என் உள்ளுணர்வை நம்பலாமா?

நம்புங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 1990-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் லிவர்பூல் மருத்துவமனையில், வார்டில் நிலை மோசமாகும் நோயாளியிடம் உடனே ஓடிவர ஒரு அவசரக் குழுவை அமைத்தார்கள். பிறகு பல நாடுகளுக்கும் அந்த ஏற்பாடு பரவியது. இத்தகைய குழுவை எப்போதெல்லாம் அழைக்கலாம் என்ற பட்டியலில் பிரஷர், பல்ஸ், மூச்சு எண்ணிக்கையோடு இன்னொரு காரணமும் பல இடங்களில் உண்டு: பணியில் இருப்பவருக்கு நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்பது. அந்தக் கவலை மட்டுமே போதும். நம் ஊரில் அந்த மரியாதை இன்னும் முழுதாக வரவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அது வரும் வரை, கவலையை டாக்டர் மறுக்க முடியாத வடிவத்தில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். போன் எடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 20, 22 என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நிலை கெடும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். பிறகு ‘எஸ்பார்’ வரிசையில் பேசுங்கள்: இப்போது என்ன நிலை, நோயாளியின் பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது. ‘சார், பேஷன்ட் டல்லா இருக்காங்க’ என்பதற்கும், ‘சார், ராத்திரி பத்து மணிக்கு மூச்சு 18, இப்ப 30, பேச்சு குழறுது, நீங்க வந்து பார்க்கணும்’ என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். பிரசவம், தடுப்பூசி, ரெஜிஸ்டர், இதேதான். ஐசியு தோழிகளைப் பார்த்தால் நான் பின்தங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

டாக்டர் பக்கத்தில் இல்லாத இரவில், தனியாக நின்று பிரசவம் பார்க்கும் நர்ஸ் எப்படிப் பின்தங்கியவர் ஆவார்? ஐசியுவில் ஒரு கூப்பிடு தூரத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். நீங்கள் கர்ப்பிணியின் பிரஷர் 140/90-ஐத் தொட்டவுடன், இங்கேயே வைத்துப் பார்ப்பதா, 108-ஐக் கூப்பிட்டு அனுப்புவதா என்று யோசிக்கிறீர்கள். அந்த முடிவுகளை எழுதி வையுங்கள்: யாரை அனுப்பினேன், எந்த அறிகுறியைப் பார்த்து அனுப்பினேன், அங்கே போய் என்ன ஆனது. கடைசி விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். அனுப்பியதோடு மறந்துவிட்டால் உங்கள் கணிப்பு சரியா என்று உங்களுக்கே தெரியாது. தடுப்பூசிக்கு வராத வீட்டில் பேசி, குழந்தையை அழைத்துவர வைப்பதும் திறமைதான். ஐசியுவில் பலருக்கு அது வராது.

கேள்வி: 15 வருட சர்வீஸ். கை தானாக வேலை செய்கிறது. புதிதாக எதுவும் கற்பதாகத் தெரியவில்லை.

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு பயிற்சி சொல்கிறார். முக்கியமான முடிவு எடுக்கும்போது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள் என்கிறார். நமக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஹேண்ட் ஓவர் வாங்கி ஒரு சுற்று முடித்ததும், ‘இன்று என் நோயாளிகளில் யாருக்கு நிலை கெடலாம், ஏன்?’ என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். டியூட்டி முடியும்போது எடுத்துப் பாருங்கள். சில வாரங்களில் ஒரு வடிவம் தெரியும். மூச்சுக் கோளாறை முன்கூட்டியே பிடிக்கிறீர்கள், ஆனால் வயதானவர்களுக்கு வரும் மனக்குழப்பத்தைத் தவறவிடுகிறீர்கள் என்பது போல. எதைப் படிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

பக்கத்தில் ஒரு புதிய நர்ஸை நிறுத்தி, நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லியும் பாருங்கள். காரணம் சொல்ல முடியாமல் திணறும் இடம்தான் உங்கள் அடுத்த பாடம்.

கேள்வி: பிரிட்டன் போகப் போகிறேன். அங்கே ரிஃப்ளெக்‌ஷன் என்னும் சுயபரிசீலனைக் குறிப்பு எழுதினால்தான் லைசென்ஸ் நீடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். 2016 ஏப்ரல் முதல் அங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்எம்சி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 3 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 450 மணி நேரப் பணி, 35 மணி நேரத் தொழில் கல்வி, உங்கள் வேலையைப் பற்றிய 5 கருத்துரைகள், 5 சுயபரிசீலனைக் குறிப்புகள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். எழுதியதைப் பற்றி, பதிவு பெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். நம்மவர்கள் பலர் அங்கே இலக்கண சுத்தமான ஆங்கிலத்துக்காகப் பயந்து, இணையத்தில் கிடைப்பதைப் பார்த்து எழுதுகிறார்கள். வேண்டாம். நடந்தது என்ன, கற்றது என்ன, வேலையில் எதை மாற்றிக்கொண்டேன், கவுன்சிலின் நடத்தை விதிகளோடு அது எப்படிப் பொருந்துகிறது. இவ்வளவுதான் கேட்பது. இங்கேயே தமிழில் எழுதிப் பழகுங்கள். யோசிக்கப் பழகிவிட்டால் மொழிமாற்றம் சின்ன வேலை.

கேள்வி: குழந்தைகளுக்காக 6 வருட இடைவெளி. திரும்பச் சேர்ந்திருக்கிறேன். என்னைவிட வயதில் சின்னவர்களிடம் கேட்டுச் செய்ய வெட்கமாக இருக்கிறது மேடம்.

நிபுணராக இருந்தவர்கூடப் புதிய பிரிவுக்குப் போனால் மறுபடி முதல் படிக்கு வர நேரும் என்று பென்னரே சொல்லியிருக்கிறார். எனவே இது உங்கள் குறை அல்ல. மருந்தின் பெயர், மருந்து செலுத்தும் பம்ப், கம்ப்யூட்டர் பதிவு இவை மாறியிருக்கும், கேளுங்கள். நோயாளியின் பக்கத்தில் நிற்பது எப்படி என்பது மாறவில்லை. அதில் அந்தச் சின்னவர்கள் உங்களிடம் கற்பார்கள். முதல் மூன்று மாதம் மருந்துக் கணக்கை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்சார்ஜ் சிஸ்டரிடம் ‘நான் எப்படிச் செய்கிறேன்?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் பண்றே’ என்பதோடு முடித்துவிடுகிறார்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். ‘இன்னைக்கு நான் ஹேண்ட் ஓவர் கொடுத்ததில் எது விட்டுப்போச்சு சிஸ்டர்?’ என்று கேட்டுப் பாருங்கள். கட்டாயம் ஏதாவது சொல்வார்.

கேள்வி: வார்டு இன்சார்ஜ் ஆகச் சொல்கிறார்கள். எனக்கு நோயாளிகளோடு இருப்பதுதான் பிடிக்கும். வீட்டில் ‘புரமோஷனை யாராவது வேண்டாம்பாங்களா?’ என்கிறார்கள். என்ன செய்யட்டும் அக்கா?

இன்சார்ஜ் வேலை என்றால் டியூட்டி லிஸ்ட், ஸ்டாக், இன்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு), லீவு பஞ்சாயத்து, ஆடிட். நல்ல நர்ஸ் எல்லோரும் அதற்குப் பொருந்த வேண்டியதில்லை. நோயாளிப் பராமரிப்பில் கைதேர்ந்தவரை மேஜைக்கு அனுப்புவதையே வளர்ச்சி என்று நம் மருத்துவமனைகள் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. தீவிர சிகிச்சை நர்சிங்கில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அதே துறையில் இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பும் இருக்கிறது. நோயாளியின் பக்கத்திலேயே இருந்து மேலே போக அவை வழி.

ஆனாலும் மறுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இன்சார்ஜ் லீவில் போகும்போது இரண்டு வாரம் அந்தப் பொறுப்பைப் பாருங்கள். தினமும் வீட்டுக்குப் போகும்போது எந்த வேலை உங்களுக்குத் தெம்பு தந்தது, எது உறிஞ்சியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்காது என்று நினைத்தவர்கள், ஜூனியர்களை வளர்ப்பது தமக்கு நன்றாக வருகிறது என்று அங்கேதான் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குப் பிறகும் படுக்கைப் பக்கமே மனம் இழுத்தால், குறித்து வைத்ததை எடுத்துக்கொண்டு நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் போங்கள், அந்த டிப்ளமோவுக்கு ஸ்டடி லீவு கிடைக்குமா என்று அதே சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.