பொய்யின் அளவு

அன்புள்ள ஐயா,

ஆங்கிலப் பகடி எழுத்தாளர்கள் ஸ்விஃப்ட், போப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் டாக்டர் ஜான் ஆர்பத்நாட் என்ற பெயர் எட்டிப்பார்க்கிறது. இவ்வளவு திறமை இருந்தும் அவர் பெயர் ஏன் நிற்கவில்லை? பகடி சமூகத்துக்கு மருந்து என்பதால்தான் ஒரு மருத்துவர் அதைக் கையிலெடுத்தாரா? என் அரசியல் பகடிகள் சிலவற்றை இணைத்திருக்கிறேன். புத்தகமாகப் போடலாமா?

க.

அன்புள்ள க.,

அவர் பெயரை நிறுத்தப் பார்க்கவே இல்லை, அதனால் நிற்கவில்லை. 1712இல் இங்கிலாந்துக்கே உருவகமாகிப்போன ஜான் புல் என்ற பாத்திரத்தைப் படைத்தபோதுகூடப் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. அதை விடுங்கள்.

அந்த 'சமூகத்துக்கு மருந்து' வசனத்தை இனி யாரும் எனக்கு எழுத வேண்டாம். அவர் ஆன் அரசியின் வைத்தியர். 17 முறை கருவுற்றும் ஒரு பிள்ளைகூட மிஞ்சாத அரசி அவர். 1714இல் அவரையும் காப்பாற்ற முடியவில்லை. மருந்து எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்த மனிதர், பகடியை மருந்து என்று நினைத்திருப்பாரா?

கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடுவது அவருடைய கணக்கு. 1629 முதல் 1710 வரை லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்க்கிறார். 82 ஆண்டுகள், ஓர் ஆண்டு தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம். நாணயத்தைச் சுண்டினால் 82 தடவையும் தலையே விழுமா? விழாது, ஆகவே கடவுள் சித்தம் என்றார். முடிவு எனக்கு ஒப்பவில்லை. வாய்ப்பே ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று ஆண் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதுமே என்று கணித அறிஞர் நிக்கோலஸ் பெர்னூலி பிறகு கேட்டார். சரியான கேள்வி. ஆனாலும் வருஷம் வருஷமாக எண்ணிக்கையை ஒப்பிட்டாரே, அந்தப் புத்தியைப் பாருங்கள்.

அதே புத்திதான் அவருடைய 'அரசியல் பொய்க் கலை'யிலும். இல்லாத இரண்டு தொகுதிப் புத்தகத்துக்கு ஒரு விளம்பரம், அவ்வளவுதான் அது. அதில் பொய்யர்களுக்கு ஒரு விதி சொல்கிறார்: நடக்கக்கூடிய அளவைத் தாண்டிப் புளுகாதே. வாய்ப்புக் கணக்குப் போட்டவன்தான் இப்படி எழுத முடியும். பொய்யனைத் திட்டவே இல்லை, அளவுகோலைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்.

நீங்களோ திட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாரும் திருடர்கள், எல்லாம் கோடி கோடி. எந்தக் கோடி, எங்கே போனது? கோபம் எல்லாரிடமும் இருக்கிறது தம்பி, டீக்கடையில் இலவசமாகவே கிடைக்கிறது.

ரேஷன் கடைக் கட்டுரை மட்டும் வேறு ரகம். தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதிலும் கடைசிப் பத்தியில் நாட்டைத் திருத்தக் கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பத்தியை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.