ஆமைக்குச் சேர்த்த ஆசையும் மாமாவுக்குப் போன வட்டியும்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 29, திருமணம் ஆகவில்லை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 38,000 ரூபாய். 2025 ஜனவரியில் மாணவிகளைச் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தபோது, கடற்கரையில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். ஒரு ஆமையின் கண்ணில் மணல் அப்பியிருந்தது. அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கிரேக்க நாட்டில் அடிபட்ட கடலாமைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மையத்தில் மே மாத விடுமுறையில் நான்கு வாரம் தன்னார்வலராக வேலை செய்ய ஆசை. சேலம் ஐந்து ரோட்டில் ஒரு ஏஜென்சி எல்லாம் சேர்த்து 3.5 லட்சம் கேட்கிறது. ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று 15 சதவீத வட்டியில் 36 மாதக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். சக ஆசிரியர் ஒருவர், ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஃபண்ட்) மாதாமாதம் எஸ்ஐபி போட்டால் ஒன்றரை வருடத்தில் பணம் சேர்ந்துவிடும் என்கிறார். வாடகை 6,000, வீட்டுக்கு 8,000 தருகிறேன். அம்மாவின் 12 பவுன் நகை மாமாவின் கொலுசுப் பட்டறைக்காக என் பெயரில் அடகில் இருக்கிறது. வட்டி நான் கட்டிவிடுகிறேன், அதில் பிரச்சினை இல்லை. கடன் வாங்கிப் போகலாமா? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

— வாசகி, ஏற்காடு

பதில்: ஆமைக்கு முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நகைக்கு ஒரே வரி. அந்த ஒரு வரிதான் எனக்கு இடித்தது. அதனால்தான் அடகு ரசீதுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பியதற்கு நன்றி. மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்த ரசீதுகள்.

2022 ஜூனில் முதன்முதலாக வைத்தபோது வாங்கிய கடன் 2.8 லட்சம். ஒரு வருடம் கழித்து வட்டியைக் கட்டி, அதே நகையைத் திருப்பி வைத்து 3.5 லட்சம். 2024ல் 4.6 லட்சம். 2025ல் 6.2 லட்சம். நகை அதே 12 பவுன்தான், ஒரு குண்டுமணிகூடக் கூடவில்லை. பவுன் விலை ஏற ஏறக் கடன்தான் ஏறியிருக்கிறது. கூடுதலாகக் கிடைத்த தொகை ஒவ்வொரு முறையும் மாமாவின் சிவதாபுரம் பட்டறைக்குப் போயிருக்கிறது. 12 சதவீத வட்டி மட்டும் உங்கள் சம்பளத்திலிருந்து.

அந்த வட்டியைக் கூட்டிப் பார்த்தீர்களா? முதல் வருடம் 33,600. அடுத்தது 42,000. மூன்றாவது 55,200. இந்த ஜூனில் கட்ட வேண்டியது 74,400. நான்கு வருடத்துக்கும் சேர்த்துச் சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம். ஏஜென்சி இல்லாமல் நீங்களே நேரடியாக விண்ணப்பித்தால் கிரேக்கம் போய்வர ஏறக்குறைய இவ்வளவுதான் ஆகும். (எப்படி என்று கீழே சொல்கிறேன்.) இந்த ஜூனோடு நீங்கள் ஆசைப்பட்ட பயணத்தின் செலவைக் கட்டி முடித்திருப்பீர்கள், ஆனால் பயணம் மட்டும் போயிருக்க மாட்டீர்கள்.

அடகுக் கவுன்டரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவோடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அப்படி ஒரு கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பையன் நகையை எடை போடுவான், கால்குலேட்டரைத் தட்டுவான், பிறகு அதை நம் பக்கம் திருப்பிக் காட்டி, “சார், இன்னும் ஒண்ணரை எடுத்துக்கலாம், ரேட் ஏறியிருக்கு” என்பான். ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்வான். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டுதான் வந்தோம். அந்த நகையை மீட்க ஆறு வருடம் ஆனது.

இதில் உங்கள் மாமா மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. வெள்ளி விலை ஏறினால் பட்டறைக்கு முடக்க வேண்டிய முதல் கூடும், கொலுசு ஓட்டம் குறையும். அவர் கஷ்டம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் சீர் செய்ய வேண்டியது தாய்மாமன். நீங்கள் நான்கு வருடமாக மாமாவுக்குச் சீர் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதுவும் 38,000 சம்பளத்தில்.

இப்போது இதன் மேல் பயணக் கடனையும் வைத்துப் பாருங்கள். 3.5 லட்சத்துக்கு 15 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை சுமார் 12,100. மொத்தம் 4.37 லட்சம் திருப்பிக் கட்டுவீர்கள், பிராசஸிங் கட்டணம் தனி. வாடகை, வீட்டுக்குத் தருவது, நகை வட்டிக்கு மாதம் 6,200, இந்தத் தவணை எல்லாம் போக மிஞ்சுவது 5,700 ரூபாய். அதில் சாப்பிட்டு, மலையிறங்கிப் பஸ்ஸில் சேலம் வந்துபோய், ஒரு காய்ச்சல் வந்தால் மருந்தும் வாங்க வேண்டும். முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அடகு ரசீதின் கெடு ஜூன் முதல் வாரம். மே விடுமுறையில் நான்கு வாரம் போய், திரும்புவது கொஞ்சம் தள்ளிப்போனால், நீங்கள் ஏதென்ஸ் பக்கம் ஆமைத் தொட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது இங்கே கெடு தாண்டியிருக்கும். ஏல நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும், மாமா பெயருக்கு வராது. கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் விழுவதும் உங்களுக்குத்தான்.

அதனால் இந்த ஜூனில் செய்ய வேண்டியது இது. 74,400 வட்டியைக் கட்டுங்கள், வேறு வழியில்லை. ஆனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக எடுக்காதீர்கள். அதே கம்பெனியில் திருப்பி வைக்காமல் வங்கிக்கு மாற்றப் பாருங்கள். 9 சதவீதத்துக்குக் கிடைத்தால் வருட வட்டி 55,800 ஆகும், 18,600 மிச்சம். மாற்றும்போது 12 பவுனையும் ஒரே ரசீதில் வைக்காமல் மூன்று ரசீதாகப் பிரித்து வையுங்கள்: அம்மாவின் ஆரம் ஒன்றில், வளையல்கள் ஒன்றில், மீதி ஒன்றில். ஒரே ரசீதில் இருந்தால் 6.2 லட்சமும் சேர்ந்தால்தான் நகையைப் பார்க்க முடியும். அவ்வளவு பணம் என்றைக்கும் ஒன்றாகச் சேராது, அதனால்தான் எல்லோரும் திருப்பி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பிரித்து வைத்தால் மாமா இரண்டு லட்சம் கொடுக்கும் நாளில் ஒரு பொட்டலமாவது வீட்டுக்கு வரும்.

மாமாவிடம் கேட்க வேண்டியது இரண்டு. இனி வட்டி அவருடையது. அசல் கடனை அடைக்க ஒரு தேதி. அவர் பட்டறைக்குக் கடன் வேண்டுமென்றால் அவர் பெயரில் வாங்கட்டும். வெள்ளி நகைகளை ஈடாக வைத்துக் கடன் தருவதற்கும் ரிசர்வ் வங்கி 2025ல் விதிமுறை வகுத்திருக்கிறது. அவர் கையில் இருப்பது சொந்த வெள்ளி நகை என்றால் அந்த வழி இருக்கிறது. வியாபாரி கூலிக்குக் கொடுத்த வெள்ளி என்றால் அது நடக்காது, அப்போது வேறு யோசிக்கட்டும். எதற்கும் அவர் அசையவில்லை என்றால், இன்றைய பவுன் விலையில் எத்தனை பவுனை விற்றால் கடன் அடையும் என்று அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அம்மாவுக்கு மனசு வராதுதான். ஆனால் நகை விலை ஏறியிருக்கும்போது கொஞ்சத்தை விற்று மீதியை மீட்பது, மொத்தத்தையும் வருடா வருடம் வட்டிக்குத் தின்னக் கொடுப்பதைவிடப் பரவாயில்லை.

சரி, ஆமைக்கு வருவோம். ஏஜென்சி தந்த வண்ணக் காகிதத்தை நீங்களே இன்னொரு முறை பாருங்கள். இரவுக் கடற்கரை, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள். நீங்கள் போவது மே மாதம். கிரேக்கத்தில், உதாரணமாக ஸாகிந்தோஸ் தீவில், பெருந்தலை ஆமைகள் கரையேறத் தொடங்குவதே மே கடைசியில்தான். முட்டை பொரிய இரண்டு மாதம் போல ஆகும். மே மாதத்தில் குஞ்சுக்கு எங்கே போவது? உயிரியல் படித்தவர் நீங்கள், இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வருடம் முழுக்க வேலை இருப்பது மீட்பு மையத்தில். 1983ல் தொடங்கிய ஆர்க்கெலான் அமைப்பின் மையம் ஏதென்ஸ் அருகே கிளிஃபாடாவில், பழைய ரயில் பெட்டிகளில் நடக்கிறது. தூண்டில் முள் விழுங்கியவை, படகு மோதி ஓடு உடைந்தவை எல்லாம் அங்கே வரும். தன்னார்வலர்களுக்கு வேலை என்றால் தொட்டி தேய்ப்பது, தண்ணீர் மாற்றுவது, மீன் நறுக்குவது. இதற்குத்தான் போகிறேன் என்றால் எனக்கு மகிழ்ச்சி. இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், கட்டணத்தையும் அவர்களிடமே கட்டலாம். நடுவில் ஐந்து ரோடு எதற்கு?

நேரடியாகப் போனால் என் தோராயக் கணக்கு: விமானம் 80,000, மையக் கட்டணமும் சாப்பாடும் 70,000, விசா, காப்பீடு, உள்ளூர் பயணம் எல்லாம் 30,000, கைச்செலவு 20,000. ஆக 2 லட்சம். கிரேக்கம் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். இதற்காக யாரிடமாவது கைமாற்று வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டு வைக்கச் சொல்வார்கள், அந்த வேலை வேண்டாம். தன்னார்வப் பணிக்குப் போகிறேன் என்பதை மறைத்துச் சுற்றுலா என்று மட்டும் எழுதுவதும் வேண்டாம். எந்த விசா என்று தூதரகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் சேர்க்க வழி மிகச் சாதாரணமானது. நகை வட்டி மாமா தலைக்குப் போய்விட்டால் மாதம் 6,200 மிஞ்சும். அதோடு இன்னும் 5,000 சேர்த்து, மாதாமாதம் கட்டும் ரெக்கரிங் டெபாசிட் போடுங்கள். 18 மாதத்தில் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஸ்மால்கேப் என்று சொன்ன சகாவிடம், ஒன்றரை வருடத்தில் அது 20 சதவீதம் இறங்கியிருந்தால் விமான டிக்கெட்டை யார் வாங்குவது என்று கேளுங்கள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் எஸ்ஐபி என்கிறார்கள், தலைவலிக்கும் அதைத்தான் சொல்வார்கள் போல.

அதுவரை ஆமை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவு நடை போகிறது, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை. முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்துப் பொரிக்க விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் சனிக்கிழமை அதிகாலை சென்னை. ரயிலின் பெயரே உங்கள் ஊர்தான், ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நான்கைந்து சனிக்கிழமை போய்வந்தால் மொத்தமே சில ஆயிரம்தான் ஆகும். வெளிநாட்டு மையத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது முன் அனுபவம் என்ற இடத்தில் எழுதவும் ஏதாவது இருக்கும்.

மாமாவிடம் தனியாகப் போகாதீர்கள், அம்மாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். சுற்றி வளைக்காமல், “மாமா, இந்த ஜூன்ல என் பேர்ல கூட எடுக்கப் போறதில்ல, வட்டி இனிமே உங்களோடது” என்று காபி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். காபி குடித்த பிறகு வாய் வராது. ரசீதைப் பார்க்கிறேன் என்று கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். அசல் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.