ஓடிபி வரல, பணம் மட்டும் போயிருச்சு: வாசகர் கேள்வி பதில்

நைட்டு ரெண்டு மணிக்கு நான் தூங்கிட்டு இருக்கும்போது என் கிரெடிட் கார்டுல டாலர் கணக்குல மூணு தடவ பணம் எடுத்திருக்காங்க. மொத்தம் 42,000 ரூபாய். காலைல எஸ்எம்எஸ் பாத்துதான் தெரிஞ்சுது, உடனே போன் போட்டு கார்டை பிளாக் பண்ணிட்டேன். எனக்கு ஓடிபி எதுவும் வரல, யாருக்கும் எதையும் சொல்லவும் இல்ல. ஆனா கஸ்டமர் கேர்ல "ஓடிபி இல்லாம போகவே போகாது சார், நீங்கதான் யார்கிட்டயோ குடுத்திருப்பீங்க"ங்கறாங்க. இந்தப் பணத்தை நான் கட்டித்தான் ஆகணுமா?
வாசகர், திருப்பூர்

நீங்க சொன்ன மாதிரிதான் நடந்துதுன்னா கட்ட வேண்டியதில்ல சார். ஓடிபி இல்லாம போகாதுன்னு அவங்க சொன்னது தப்பு. ஆன்லைன்ல கார்டு யூஸ் பண்ணா ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பு வேணும்னு 2009-லயே ரிசர்வ் பேங்க் கொண்டு வந்துருச்சு, ஆனா அது நம்ம நாட்டுக்குள்ள நடக்கற டிரான்சாக்‌ஷனுக்கு. வெளிநாட்டு சைட்டு பல இடத்துல கார்டு நம்பர், எக்ஸ்பயரி தேதி, பின்னாடி இருக்கற மூணு நம்பர் சிவிவி இருந்தாலே பணம் எடுத்துரும், சில சைட்டு சிவிவி கூட கேக்காது. நீங்க எப்பவோ எங்கயோ கார்டு போட்ட ஒரு சைட்டுலேந்து டேட்டா திருடு போயிருந்தாலே போதும், நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க வேண்டியதே இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டுச்சு. பேங்க் மேலயும் தப்பு இல்ல, கஸ்டமர் மேலயும் தப்பு இல்ல, நடுவுல எங்கயோ திருட்டு நடந்திருக்குன்னா, மெசேஜ் வந்ததுலேந்து 3 வேலை நாளுக்குள்ள கம்ப்ளைன்ட் பண்ணா உங்களுக்கு நஷ்டம் ஜீரோ, மெசேஜ் வந்த நாளையும் லீவு நாளையும் கணக்குல சேக்க மாட்டாங்க. 4-லேந்து 7 நாள் ஆயிருச்சுன்னா, 5 லட்சம் வரைக்கும் லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000, அதுக்கு மேல லிமிட் இருந்தா 25,000 வரைக்கும் நம்ம தலைல விழும். ஏழு நாளும் தாண்டிட்டா அந்தந்த பேங்க் வச்சிருக்கற பாலிசிதான். அதனாலதான் சொல்றேன், போன்ல பேசினதோட விட்டுறாதீங்க, இன்னிக்கே மெயில் போடுங்க.

மெயில்ல கதை வேண்டாம். "கடைசி 4 நம்பர் இன்னது உள்ள என் கார்டுல, இந்த தேதி இத்தன மணிக்கு நடந்த இந்த மூணு டிரான்சாக்‌ஷனும் நான் பண்ணது இல்ல. ஓடிபி வரல. எஸ்எம்எஸ் பாத்தது இத்தன மணிக்கு, கார்டை பிளாக் பண்ணது இத்தன மணிக்கு. ரிசர்வ் பேங்க் ரூல் படி ஜீரோ லயபிலிட்டி குடுங்க"ன்னு எழுதி, எஸ்எம்எஸ் ஸ்க்ரீன்ஷாட் வச்சு அனுப்பி கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிக்கோங்க. நீங்க சொன்ன நாள்லேந்து 10 வேலை நாளுக்குள்ள அந்தத் தொகைய தற்காலிகமா திருப்பி வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். தப்பு உங்க மேலதான்னா அதை நிரூபிக்க வேண்டியது பேங்க்தான், நீங்க இல்ல. இதை ரிசர்வ் பேங்க் ரூலே சொல்லுது. இது தெரியாம எத்தனையோ பேர் கஸ்டமர் கேர்ல சொன்னத நம்பி பயந்து போய் பணத்தைக் கட்டிடறாங்க, எனக்கு அதை நினைச்சா ரொம்ப வேதனையா இருக்கு.

பில் வந்தா இந்த 42,000 தவிர நீங்க செலவு பண்ணத முழுசா டைமுக்குக் கட்டிருங்க. மோசடின்னு நீங்க கம்ப்ளைன்ட் குடுத்த தொகைக்கு அது தீர்ற வரைக்கும் சார்ஜ் எதுவும் போடக்கூடாதுங்கறதும் ரிசர்வ் பேங்க் ரூல்தான், போட்டா அதையும் அதே மெயில்ல கேளுங்க.

அப்பாவுக்கு வாட்ஸப்ல "உங்க ரிவார்ட் பாயிண்ட் இன்னிக்கு எக்ஸ்பயர் ஆகுது"ன்னு பேங்க் லோகோவோட ஒரு ஃபைல் வந்திருக்கு. இன்ஸ்டால் பண்ணி கார்டு நம்பர் எல்லாம் போட்டுட்டார், 65,000 போயிருச்சு. பயந்துக்கிட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லவே இல்ல. நம்ம மேலதான் தப்பு, இனி கம்ப்ளைன்ட் குடுத்து என்ன பிரயோஜனம்னு அம்மா சொல்றாங்க.
வாசகி, மதுரை

பிரயோஜனம் இருக்கும்மா, இந்த பதிலைப் படிச்சு முடிச்சதும் 1930-க்கு போன் போடுங்க. மத்திய அரசோட சைபர் மோசடி ஹெல்ப்லைன் அது. போன பணம் நேரா திருடன் கைக்குப் போறதில்ல, நாலஞ்சு அக்கவுன்ட் மாறி மாறிப் போகும், நடுவுல எங்கயாவது நிக்குதுன்னா அங்கயே முடக்க முடியும். முதல் சில மணி நேரத்துல சொல்லியிருந்தா வாய்ப்பு ரொம்ப அதிகம், ரெண்டு நாள் ஆனதுல குறைஞ்சிருக்கும், அதுக்காக விட்டுறக் கூடாது.

நம்ம கவனக்குறைவுன்னு பேங்க் நிரூபிச்சா, தகவல் சொல்றதுக்கு முன்னாடி போன பணம் நம்ம நஷ்டம். ஆனா சொன்னதுக்கு அப்புறம் ஒரு ரூபா போனாலும் அது பேங்க் பொறுப்பு. அதுக்காகவே உடனே சொல்லணும். அப்பா ஓடிபிய வாயால யாருக்கும் சொல்லலன்னா அதைத் தெளிவா எழுதுங்க, ஏன்னா இந்த மாதிரி ஏபிகே ஃபைல், அதாவது போன்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல், உள்ள வந்ததும் எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் வாங்கிட்டு வர்ற ஓடிபிய அவங்களுக்கு அனுப்பிரும், அப்பா கண்ணுல மெசேஜே படாது. அந்த போனை இப்பவே ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. கார்டு பிளாக் பண்றது, நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் மாத்தறது எல்லாம் வேற போன்லேந்து பண்ணுங்க. ஃபைலையும் சாட்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு அப்புறமா போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணிருங்க.

இன்னொண்ணு, கொஞ்ச நாள்ல "போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் கட்டுங்க"ன்னு யாராவது கூப்பிடலாம், அதுவும் திருட்டுக் கும்பல்தான். அப்பாவைத் திட்டாதீங்கம்மா, படிச்சவங்க, பெரிய வேலைல இருந்தவங்க எல்லாரும் இதுல மாட்டியிருக்காங்க. திட்டுனா அடுத்த தடவ அவர் ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மாசம் மறைப்பார்.

ஹோட்டல்ல கார்டை வாங்கிட்டு உள்ள போயிடறாங்க. பயமா இருக்கு, என்ன பண்றது?
வாசகர், தஞ்சாவூர்

மிஷினை டேபிளுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா நீங்க கவுன்டருக்குப் போங்க. சிப்பை காப்பி அடிக்கறது கஷ்டம், ஆனா முன்னாடி பின்னாடி ரெண்டு போட்டோ எடுத்தா திருப்பூர் வாசகருக்கு நடந்ததுதான் நடக்கும். பேங்க் ஆப்புல கார்டு செட்டிங்ஸ் போய் இன்டர்நேஷனலை ஆஃப் பண்ணி வைங்க, வெளிநாட்டு சைட்டுல ஏதாவது வாங்கணும்னா அப்ப மட்டும் ஆன் பண்ணிக்கலாம். தட்டுனா பணம் போற வசதி இருக்குல்ல, அதுல 5,000 ரூபா வரைக்கும் பின் கேக்காம போகும், வேண்டாம்னா அதையும் ஆஃப் பண்ணலாம். கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடாதீங்க, போலி நம்பர் நிறைய சுத்துது, கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்கறதுதான் நம்பர்.

கம்ப்ளைன்ட் குடுத்து 40 நாள் ஆச்சு, பேங்க்லேந்து பதிலே இல்ல. வக்கீல் வச்சுத்தான் பாக்கணுமா?
வாசகி, நாகர்கோவில்

வக்கீல் வேண்டாம், காசும் வேண்டாம். 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் நியாயமா இல்லன்னாலோ பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்-ல நீங்களே ஃபைல் பண்ணலாம், சந்தேகம் இருந்தா 14448-க்கு போன் பண்ணிக் கேக்கலாம். பேங்குக்குப் போட்ட முதல் மெயில், கம்ப்ளைன்ட் நம்பர், ஸ்டேட்மென்ட்ல அந்தப் பக்கம், 1930-ல குடுத்த புகாரோட அக்னாலட்ஜ்மென்ட், இந்த நாலையும் சேத்து அனுப்புங்க. பேங்குக்கு போன்ல மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா முதல்ல எழுத்துல ஒரு புகார் குடுத்துட்டு, 30 நாள் பாத்துட்டு போங்க, இல்லன்னா நேரா வந்துட்டீங்கன்னு சொல்லித் தள்ளுபடி பண்ணிருவாங்க.