வாசகர் கேள்வி - பதில்: ஜப்பானிய வாளின் கைக்காப்பு

கேள்வி: தோக்கியோவில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள பழம்பொருள் சந்தையில் ட்சுபா எனப்படும் இரும்பு வாள்காப்பு ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். உள்ளங்கை அகலத் தகட்டில் பூ வடிவம் ஊடுருவ வெட்டப்பட்டுள்ளது. இது பழையதா, இக்கால வார்ப்பா என்று எப்படி அறிவது? (வாசகி, திருச்சி)

பதில்: பூவேலையைப் பிறகு பார்க்கலாம், முதலில் நடுத்துளையைக் கவனியுங்கள். வாள் அலகின் அடிப்பகுதி கைப்பிடிக்குள் நுழையும் வழி அது. நல்ல ட்சுபா ஒன்று காலப்போக்கில் பல வாள்களுக்கு மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கும். புதிய வாளுக்குத் துளை பெரிதாக இருந்தால், முனைகளில் சிறு செம்புத் துண்டுகளைச் செருகுவார்கள், அல்லது ஓரத்தில் உளியால் குத்தி இரும்பைச் சற்று உள்ளே தள்ளுவார்கள். சிறிதாக இருந்தால் அரத்தால் ராவிப் பெரிதாக்குவார்கள். இந்தத் தழும்புகள், துளையைச் சுற்றி மெல்லிய வளையத் தகடு அழுந்திய தடம் ஆகியவை இருந்தால், பொருள் உண்மையாகவே வாளில் இருந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், போலி செய்பவர்களும் உளி வைத்திருக்கிறார்கள். மறுபுறம், அழகுக்காகவே செய்யப்பட்டு எந்த வாளிலும் ஏறாத நல்ல ட்சுபாக்களும் உண்டு என்பதால், தழும்பில்லை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பூவிதழ்களின் உட்சுவர்களைப் பாருங்கள். ரம்பத்தாலும் அரத்தாலும் வெட்டிய சுவரில் விளிம்பு தெளிவாக நிற்கும். வார்ப்பில் விளிம்புகள் மழுங்கி, மூலைகளில் பொடிக்குழிகளும், சில வேளை வெளிவிளிம்பைச் சுற்றி அச்சு பொருந்திய கோடும் தென்படும்.

பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். நோபுஇயே, கானேஇயே ஆகிய பழைய கலைஞர்களின் பெயர்கள் பிற்காலத்தில் எண்ணற்ற தகடுகளில் வெட்டப்பட்டுள்ளன. மகன் அங்கேயே இருப்பதால், 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்திடம் ட்சுபாவைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லலாம்; வாளுக்கு மட்டுமன்றி அதன் உறுப்புகளுக்கும் அது சான்றிதழ் வழங்குகிறது.

கேள்வி: அருங்காட்சியகப் படங்களில் சில ட்சுபாக்கள் நீலம் கலந்த கருமையில், மேலே பொன் உருவங்களுடன் இருக்கின்றன. அந்தக் கறுப்பு வண்ணப்பூச்சா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பூச்சே இல்லை. அது ஷாகுடோ என்னும் கலவை உலோகம். செம்பில் நூற்றுக்குச் சில பங்கு மட்டும் பொன் சேர்த்து உருக்கியது. வார்த்தெடுக்கும்போது ஏறக்குறைய செம்பைப் போலத்தான் இருக்கும். வேலை முழுவதும் முடிந்த பின், எண்ணெய்ப் பிசுக்குச் சிறிதுமின்றித் துலக்கி, துருவிய முள்ளங்கியின் சாற்றைத் தடவி, செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் கொதிக்க விடுவார்கள். அப்போதுதான் அந்தக் கருமை மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் ஷாகுடோ கறுப்பாகவும், செம்பும் வெள்ளியும் கலந்த ஷிபுஇச்சி சாம்பலாகவும், வெறும் செம்பு சிவந்த பழுப்பாகவும் மாற, பதித்த பொன் மட்டும் பொன்னாகவே நிற்பதுதான். ஆகவே அந்தக் கலைஞர் வேலை செய்யும்போது கண்ணெதிரே இல்லாத நிறங்களை மனத்தில் வைத்தே உலோகங்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

ஷாகுடோவில் பெயர் பெற்றவர்கள் கோட்டோ குடும்பத்தார். ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் (ஷோகன்) அஷிகாகா யோஷிமசாவிடம் பணியாற்றிய கோட்டோ யூஜோ (1440–1512) தொடங்கிய மரபு 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. கறுப்புப் பரப்பு முழுவதும் மீன்முட்டை போன்ற நுண்மணிகள் வரிசை பிசகாமல் நிரம்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழிந்த முனையுள்ள உளியால் ஒவ்வொரு மணியாக அடித்து எழுப்பியவை அவை.

கேள்வி: வாளே இல்லாமல் ட்சுபாக்கள் மட்டும் இவ்வளவு விற்பனைக்கு வருவது எப்படி? (வாசகர், மதுரை)

பதில்: 1876இல் ஜப்பானின் புதிய மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிந்து செல்வதைத் தடை செய்தது. வாளுறுப்புகளுக்கான தேவை ஒரேயடியாகச் சரிந்து, கழற்றப்பட்டவை மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் பெருமளவில் சென்றன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளவற்றில் பல வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ சேகரித்தவை. கலைஞர்கள் பலர் பூச்சாடி, பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கானோ நாட்சுவோ (1828–1898) தடைக்கு முன்பே புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவமைத்துக் கொடுத்திருந்தார். பின்னர் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரானார்.

கேள்வி: துருவை எப்படி எடுப்பது? (வாசகி, சேலம்)

பதில்: இரும்பானால், ஜப்பானில் மான்கொம்புத் துண்டின் முனையால் சிவப்புத் துருவை மட்டும் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் பல நாள் தேய்ப்பது வழக்கம், அடியிலுள்ள கரும்பழுப்புப் படலம் போகக் கூடாது. உப்புத்தாள், துரு நீக்கும் அமிலம் இரண்டும் வேண்டாம். ஷாகுடோவை, குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கினால், கொதிநீரில் வந்த அந்தக் கருமை போய் உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரியும். அதை மீண்டும் வரவைக்க அந்தத் தொழில் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.